மார்பைத் தட்டிப் பார்த்த வைத்தியர்

ஆரணியிலே பட்டு நெய்வோர், பாவின் இழைகள் தொய்வின்றி நிற்கின்றனவா என்று பார்த்த பின்னரே நாடாவை ஓட்டுவர். பாவு தொய்ந்திருப்பின், கைதேர்ந்தவரும் நல்ல சேலை நெய்தல் அரிது. நோயாளியைச் சோதிப்பதிலும் இவ்வுண்மை பொருந்துமெனக் கண்டவர், ஆஸ்திரிய தேசத்து வைத்தியர் லியோபோல்டு ஔவன்புருக்கர் ஆவார்.

இவர் 1722ஆம் ஆண்டு கிராட்ஸ் நகரில் விடுதிக்காரர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். பீப்பாயைத் தட்டி, மது எம்மட்டில் நிற்கிறதென்று அறியும் வழக்கத்தைத் தந்தையிடமே கண்டாரென்பர். வியன்னாவில் வைத்தியம் பயின்று, அங்கிருந்த ஸ்பானிய ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்தார். ஆங்கே நோயாளிகளின் மார்பை விரல்நுனிகளால் தட்டி, எழும் ஓசையை ஏழாண்டு ஆராய்ந்தார். நலமுள்ள மார்பு, கம்பளி போர்த்த முரசுபோல் ஒலிக்கும். நீர் கோத்த இடமோ மந்தமாய் ஒலிக்கும். பிரேதத்தின் மார்பில் நீரைச் செலுத்தியும் இதனை உறுதி செய்தார்.

தட்டும் கை மட்டும் போதாது, தட்டப்படும் உடலும் செவ்வையாய் அமைதல் வேண்டுமென்பது இவர் விதித்த முறை. முன்மார்பைச் சோதிக்கையில் நோயாளி தலைநிமிர்ந்து, தோள்களைப் பின்னே தள்ளியிருத்தல் வேண்டும். விலாப்புறத்திற்குக் கைகளைத் தலைமேல் உயர்த்துதல் வேண்டும். முதுகிற்கோ, முன்னே குனிந்து தோள்களை முன்னோக்கி இழுத்து முதுகை வளைத்தல் வேண்டும். அப்போது தோட்பட்டை எலும்புகள் விலகிச் சுவாசப்பை இருக்குமிடம் வெளிப்படும். இன்றேல் எலும்பும் தசையும் ஓசையை மழுக்கிவிட, நலமுள்ள மார்பையும் நோயுற்றதென மயங்க நேரும். வெறுங்கை வெற்று மார்பில் படுதலால் எழும் ஒலி ஓசையைக் கெடுக்காவண்ணம் சட்டையை இறுக இழுத்துப் பிடிக்கவும் பணித்தார்.

1761இல் இவர் லத்தீனில் வெளியிட்ட சிறு நூலைப் பெரியோர் பலர் பொருட்படுத்தவில்லை. நாற்பத்தேழு ஆண்டுகள் கழிந்து, 1808இல், நெப்போலியனின் வைத்தியரான கொர்விசார் அதனைப் பிரெஞ்சில் பெயர்த்தார். புகழைத் தமதென்று கவர்ந்துகொள்ளாது, உரியவருக்கே அளித்தார். முதியவரான ஔவன்புருக்கர் மறு ஆண்டில் மறைந்தார். கொர்விசாரிடம் பயின்ற லாயெனெக் 1816இல் மார்பொலி கேட்கும் குழலை ஆக்கினார்.

உடலின் உட்புறத்தைப் படம்பிடிக்கும் கருவிகள் இக்காலத்தில் பல உண்டு. எனினும், குழித்தறியில் நாளெல்லாம் குனிந்திருந்த நெசவாளர் இருமலோடு வருவாராயின், அவரை முறைப்படி அமர்த்த ஒரு நிமிஷமே வேண்டும். அந்நிமிஷத்தைச் சுருக்கும் வைத்தியர், தொய்ந்த பாவில் நாடா ஓட்டுபவரேயாவர்.