பல்லாவரத்திலிருந்து லிங்கிச் செட்டி தெருவுக்கு

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து, ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் வருகிறவர்களுக்கு மறைமலை நகர் என்றால் ஓர் ஊர். ஒரு ரயில் நிலையம். பக்கத்தில் அந்தப் பெயரில் மலை ஏதாவது உண்டா என்று யோசிக்கிறவர்களும் இருக்கலாம். அது மலையின் பெயர் அல்ல, மனிதரின் பெயர். அந்த மனிதர் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த புத்தகங்கள் எப்படி ஊர்ச் சொத்தாயின என்பதுதான் இந்த வாரக் கதை.

1876 ஜூலை 15-இல் நாகப்பட்டினத்தில் சொக்கநாத பிள்ளைக்கும் சின்னம்மைக்கும் பிறந்தவர் அவர். நெடுநாள் பிள்ளையில்லாமல், திருக்கழுக்குன்றத்து ஈசனை வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் வேதாசலம் என்று பெயரிட்டார்கள். சிறு வயதிலேயே தகப்பனார் காலமானார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது.

ஆனால் நாகையில் நாராயணசாமிப் பிள்ளை என்று ஒருவர் இருந்தார். பெரிய புலவர், பிழைப்புக்குப் புத்தகக் கடை. ஆசிரியரே புத்தகக் கடைக்காரர் என்றால் மாணவனுக்கு வேறென்ன வேண்டும்? பழைய இலக்கண இலக்கியங்களை வேதாசலம் அவரிடம் பாடங்கேட்டார். வடமொழியையும் ஆங்கிலத்தையும் தம் முயற்சியாலேயே வளர்த்துக் கொண்டார்.

1898-இல், தமது 22-ஆவது வயதில், சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். அக்கல்லூரி தாம்பரத்துக்குப் போனது 1937-இல்தான். அப்போது அது ஜார்ஜ் டவுனில், உயர்நீதிமன்றத்துக்கு எதிரில் இருந்தது. பரிதிமாற் கலைஞர் அங்கே உடன் பணியாற்றினார். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர் பட்ட வகுப்பு மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார் என்பதை நினைத்தால், பட்டம் வாங்கி வைத்திருக்கும் நம்மவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பதின்மூன்று ஆண்டுகள் ஓடின. பட்டப் படிப்புக்குத் தமிழ் கட்டாயமில்லை என்று பல்கலைக்கழகம் ஏற்பாட்டை மாற்றியது. 1911-இல் அவர் கல்லூரியை விட்டு வெளியேறினார். பல்லாவரத்தில் குடியேறி, அதே ஆண்டில் காவி உடுத்தினார். பொதுநிலைக் கழகத்தையும் நிறுவினார். துறவியான பின்பும் மனைவி மக்களோடுதான் வாழ்ந்தார். புத்தகங்களையும் துறக்கவில்லை!

மாதச் சம்பளம் நின்றுபோன வீடு. ஊர் ஊராகச் சொற்பொழிவு, இலங்கைக்கும் பயணம், வீட்டோடு அச்சுக்கூடம் வைத்துத் தம் நூல்களைத் தாமே அச்சிட்டு விற்பது. வந்த பணத்தில் குடும்பம் நடக்க வேண்டும், புத்தகமும் வாங்க வேண்டும். மனைவியார் சௌந்தரவல்லி அம்மையாருக்கு வரலாறுகளில் கிடைப்பது ஒரு வரிதான். இந்தக் குடித்தனத்தை நடத்தியவருக்கு இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

1916-இல் தனித்தமிழ் இயக்கம் பிறந்தது. மகள் நீலாம்பிகையோடு பேசிக்கொண்டிருந்தபோது எழுந்த எண்ணம் அது என்பார்கள். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். அவர் நடத்திவந்த ‘ஞானசாகரம்’ இதழும் ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. ஒரு வேடிக்கை: தனித்தமிழுக்குத் தந்தையான இவர் நாட்குறிப்பை எழுதிவந்தது ஆங்கிலத்தில்! பிற மொழியைப் படிப்பது வேறு, தமிழில் அதைக் கலப்பது வேறு என்பது அவர் கணக்கு.

அந்தப் படிப்பின் பரப்பு அவர் எழுத்திலேயே தெரியும். முல்லைப்பாட்டை ஆராய்ந்தார், சாகுந்தலத்தைத் தமிழாக்கினார், மனித வசியத்தைப் பற்றியும் எழுதினார். மக்கள் நூறாண்டு உயிர்வாழும் வழியைச் சொல்லவும் ஒரு நூல் செய்தார். அவருக்குக் கிடைத்தது 74 ஆண்டுகள்தான். 1950 செப்டம்பர் 15-இல் பல்லாவரத்தில் மறைந்தார்.

வீட்டில் சுமார் 4,000 புத்தகங்கள் இருந்தன. புலவர் மறைந்த வீட்டில் ஏடுகளும் நூல்களும் என்னவாகும் என்பது நம் நாட்டில் தெரிந்த கதை. கரையான் தின்னும், மிச்சத்தைப் பழைய பேப்பர்காரர் எடுத்துப் போவார். அடிகள் அதற்கு இடம் வைக்கவில்லை. தம் நூல்கள் பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று உயில் எழுதி வைத்திருந்தார்.

உயில் எழுதினால் போதுமா? அலமாரி வேண்டும், இடம் வேண்டும், தினமும் கதவைத் திறக்க ஆள் வேண்டும். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். நீலாம்பிகையின் கணவர் திருவரங்கம் பிள்ளையும் அவர் தம்பி சுப்பையா பிள்ளையும் வளர்த்த பதிப்பகம் அது. சுப்பையா பிள்ளையின் முயற்சியால் 1958-இல் மறைமலையடிகள் நூல்நிலையம் திறக்கப்பட்டது.

எங்கே தெரியுமா? ஜார்ஜ் டவுன் லிங்கிச் செட்டி தெருவில்! கப்பல் கம்பெனிகளும் வக்கீல் ஆபீஸ்களும் கிட்டங்கிகளும் நெருக்கியடிக்கும் இடம். தமிழ் கட்டாயமில்லை என்றான பிறகு அவர் விட்டுப்போன பழைய கல்லூரி இருந்த அதே பேட்டை. நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து அவருடைய புத்தகங்கள் அங்கே திரும்பி வந்தன. கைவண்டிச் சத்தத்துக்கு நடுவே ஆராய்ச்சி மாணவர்கள் பழைய பதிப்புகளையும் இதழ்களையும் தேடிப் படியேறினார்கள்.

பின்னாளில் நூல்நிலையம் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு இடம் மாறியது. மறைமலை நகரில் மின்சார ரயில் ஏறினால், பல்லாவரத்தைத் தாண்டி அதே வண்டி எழும்பூரில் கொண்டுபோய் இறக்கிவிடும்.