கேள்விக்குப் பதில் வைத்திருந்த நாவலர்

தைப்பூசத்திற்கு முதல் நாள் வெள்ளி இரதம் தண்ணீர்மலைக்குப் போகும்போது டத்தோ கிராமாட் சாலையில் தேங்காய்கள் மலைபோல் குவிந்திருக்கும். சீனர்களும் நம்மோடு சேர்ந்து உடைப்பார்கள். உடன் படிக்கும் சீன நண்பன் தானும் ஒரு காயை உடைத்துவிட்டு, இது எதற்காக என்று என்னைக் கேட்டான். எங்கள் வழக்கம் என்பதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திலும் இதே நிலைதான். பள்ளிகளையும் அச்சகங்களையும் வைத்திருந்த மிஷனரிமார் சைவ வழிபாட்டைக் கேள்வி கேட்டார்கள். தவறாமல் கோவிலுக்குப் போனவர்களில் பலருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் சொல்ல முன்வந்தவர் ஆறுமுக நாவலர்.

1822இல் நல்லூரில் பிறந்த அவர் மிஷன் பள்ளியில்தான் ஆங்கிலம் கற்றார், அங்கேயே ஆசிரியருமானார். அப்பள்ளியை நடத்திய பீட்டர் பெர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழில் பெயர்த்தபோது அவருக்குத் துணை நின்றார். ஆனால் சைவத்தை விடவில்லை.

வரி வரியாகப் படித்த அந்த நூலே பிறகு அவருக்குக் கைகொடுத்தது. 1854இல் வெளிவந்த ‘சைவதூஷண பரிகாரம்’ நூலில், கோவில், தூபம், விளக்கு, காணிக்கை, தீட்டு ஆகியவற்றைப் பழித்தவர்களுக்குப் பழைய ஏற்பாட்டிலிருந்தே பதில் கொடுத்தார். யூதர்களின் ஆலய வழிபாட்டிலும் இவையெல்லாம் இருந்ததை எடுத்துக் காட்டினார். எதிராளியின் நூலை அவரளவுக்குப் படித்துவிட்டு வாதத்துக்கு வருபவர்கள் இன்றும் குறைவுதான்.

தம்மவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1847இன் கடைசி நாள், ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் பிரசங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே சைவப் பள்ளி ஒன்றை நிறுவினார். அடுத்து அச்சகம் வந்தது, பாலபாடங்கள் வந்தன. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை நடத்தியவர்கள் ஆகமப்படி நடக்கவில்லை என்றும் எழுதினார்; அதனால் உள்ளூரிலேயே பகை சேர்ந்தது.

சாதிக் கட்டுப்பாட்டை மட்டும் அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். இவ்வளவு கூர்மையானவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

நாவலர் 1879இல் மறைந்தார். அவர் எழுதிய ‘சைவ வினாவிடை’ இன்றும் அச்சில் கிடைக்கிறது. பிள்ளைகளுக்காக, கேள்வியையும் தாமே எழுப்பிப் பதிலும் சொல்லும் சின்னப் புத்தகம். இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். அடுத்த தைப்பூசத்திற்கும் நண்பன் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.