கொடைரோடு வரை போறீங்களா? அப்படியே காந்திகிராமத்தையும் எட்டிப் பாருங்க!

கொடைரோடு ஸ்டேஷன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ரயிலை விட்டு இறங்கி, கொடைக்கானல் பஸ் பிடிச்சு, மலையேறுறதுதானே? அடுத்த முறை திண்டுக்கல் பக்கமா ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளி, அம்பாத்துரையில இறங்கிப் பாருங்க. பக்கத்துலதான் காந்திகிராமம் இருக்கு. அதை உருவாக்கியவர் டாக்டர் சௌந்தரம்.

டி.வி.எஸ் நிறுவனர் சுந்தரம் அய்யங்காரின் மகள். 1904-ல் பிறந்தவர். சின்ன வயசுலயே கல்யாணம். டாக்டரான கணவர் இளம் வயதிலேயே இறந்துட்டார். அந்தக் காலத்துல விதவைன்னா வாழ்க்கை வீட்டு மூலையோட முடிஞ்சதுன்னு அர்த்தம். சௌந்தரம் மூலையில உட்காரலை. டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரிக்குப் போய் மருத்துவம் படிச்சார். 1936-ல் டாக்டரானப்போ வயசு முப்பதைத் தாண்டியிருந்தது.

டெல்லியில காந்தியின் வழிக்கு வந்தவருக்கு, கேரளத்தைச் சேர்ந்த ஜி.ராமச்சந்திரன் மேல காதல். வேற சாதி, வேற மொழி, போதாததுக்கு மறுமணம் வேற! வீட்டுல எதிர்ப்பு. ஒரு வருஷம் பிரிஞ்சிருங்க, அப்பவும் மனசு மாறலைன்னா கல்யாணம்னு காந்தி சொல்லிட்டார். இருந்தாங்க. மனசு மாறலை. 1940-ல் சேவாகிராமத்துல காந்தி முன்னிலையில கல்யாணம். காந்தியும் கஸ்தூரிபாவும் நூற்ற நூலில் நெய்த கதர்தான் கல்யாணத் துணி.

1947-ல் சின்னாளபட்டி பக்கத்துல காந்திகிராமம் பிறந்தது. ஆஸ்பத்திரி, ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம், பள்ளிக்கூடம், கதர்னு ஒவ்வொண்ணா வளர்ந்துச்சு. அலோபதி படிச்ச டாக்டர்தான், ஆனா அவர் உருவாக்கின இடத்துல சித்த, ஆயுர்வேத மருந்துகளும் தயாராச்சு. 1952-ல் ஆத்தூர், 1957-ல் வேடசந்தூர் எம்.எல்.ஏ. 1962-ல் திண்டுக்கல் எம்.பி, நேரு அரசில் கல்வித்துறை துணை அமைச்சர். அதே வருஷம் பத்மபூஷண்.

பாரம்பரியமா, மாடர்னா... எப்படி பேலன்ஸ் பண்றதுன்னு நாம இன்னைக்கும் குழம்புறோம். ரெண்டுலயும் பாதிப் பாதி எடுத்துக்கிட்டா சரியாயிடும்னு நினைக்கிறோம். சௌந்தரம் அப்படி அளந்து பார்க்கலை. கதர் வேணும், நாட்டு மருந்து வேணும், பெரியவர் சொன்னா ஒரு வருஷம் காத்திருக்கவும் முடியும். ஆனா விதவைக் கோலமும் சாதியும் வேண்டாம். மனுஷங்களை வாழ வைக்கிற பழசை வச்சுக்கிட்டார், முடக்கிப் போடுற பழசைத் தள்ளிட்டார். எது எதுன்னு ஊரைக் கேட்கலை, அவரே முடிவெடுத்தார். அதுக்கான விலையையும் அவரே கொடுத்தார்.

1984-ல் அவர் மறைஞ்சாச்சு. அவர் தொடங்கின கிராமியக் கல்வி 1976-லேயே பல்கலைக்கழக அந்தஸ்து வாங்கிடுச்சு. சுத்துப்பட்டு ஊர்ப் பெண்கள் இன்னைக்கும் பையை மாட்டிக்கிட்டு அங்கே படிக்கப் போறாங்க. உங்க வீட்டுலயும் ஒரு பழக்கம் உங்களைத் தடுக்குதா? அது உங்களை வாழ வைக்குதா, முடக்குதான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பதில் உங்ககிட்டதான் இருக்கு!