கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம்பிள்ளை

அறிமுகம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாத்தளை, இரத்தோட்டை போன்ற மலையகப் பகுதிகளின் தோட்டங்களுக்கு வந்தோரில் பலர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வந்தனர். அக்கடல் வழியில் ஆங்கிலேயக் கம்பனி ஒன்றே ஆதிக்கம் செலுத்தியது. அதற்கு எதிராகச் சுதேசிக் கப்பலை ஓட்டியவர் சட்டத்தரணியான வ.உ.சிதம்பரம்பிள்ளை ஆவார்.

இளமையும் தொழிலும்

இவர் 1872 செப்டெம்பர் 5 ஆம் திகதி ஒட்டப்பிடாரத்தில் உலகநாதபிள்ளை, பரமாயி அம்மாள் தம்பதியினருக்கு மகனாகப் பிறந்தார். தந்தையும் சட்டத்தரணியே. 1895 இல் சொந்த ஊரில் சட்டத் தொழிலைத் தொடங்கிய இவர், 1900 இல் தூத்துக்குடிக்குச் சென்றார். ஏழைகளின் வழக்குகளைக் கட்டணம் பெறாமலும் நடத்தினார்.

சுதேசிக் கப்பற் கம்பனி

1905 இல் வங்காளம் பிரிக்கப்பட்டதைத் தொடர்ந்து சுதேசி இயக்கம் வலுப்பெற்றது. வணிகம் அந்நியர் கையில் இருக்கும்வரை அரசியல் விடுதலை முழுமை பெறாது என்பது இவரது கருத்து. 1906 ஒக்டோபரில் சுதேசிக் கப்பற் கம்பனி பதிவுசெய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபா. பங்கு ஒன்று 25 ரூபா. பாண்டித்துரைத் தேவர் தலைவராகவும் சிதம்பரம்பிள்ளை உதவிச் செயலாளராகவும் பணியாற்றினர்.

முதலில் வாடகைக் கப்பல்களே ஓடின. வாடகைக்குக் கொடுத்தவர்கள் பின்வாங்கியபோது இவர் மனந்தளரவில்லை. கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பெற்றார். 1907 இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பனிக்குச் சொந்தமாயின. போட்டிக் கம்பனி கட்டணத்தைப் பெரிதும் குறைத்தது. இலவசமாக ஏற்றவும் முன்வந்தது. பெரு முதலீடுடைய கம்பனி நட்டத்தைத் தாங்கியது. சிறு பங்குதாரரின் பணத்தில் இயங்கிய சுதேசிக் கம்பனியால் அது இயலவில்லை.

போராட்டமும் சிறையும்

1908 பெப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்கு இவரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். தொழிலாளர் வெற்றி பெற்றனர். மார்ச் மாதத்தில் இருவரும் கைதாயினர். சிதம்பரம்பிள்ளைக்கு இரு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. மேன்முறையீட்டில் அவை குறைக்கப்பட்டன. சிறையில் செக்கிழுத்தார். தலைவரை இழந்த கம்பனி 1911 இல் கலைக்கப்பட்டது. காலியாக் கப்பல் போட்டிக் கம்பனிக்கே விற்கப்பட்டது.

இறுதிக் காலம்

1912 டிசெம்பரில் விடுதலையான இவரைச் சிலரே வரவேற்றனர். சட்டத்தரணி அனுமதியையும் இழந்திருந்ததால் சிறு வியாபாரம் செய்து வாழ்ந்தார். பின்னர் வாலஸ் என்னும் நீதிபதி அனுமதியை மீளப் பெற உதவினார். நன்றியறிதலாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். மெய்யறிவு, மெய்யறம் ஆகிய நூல்களையும் எழுதினார். 1936 நவம்பர் 18 இல் தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் காலமானார். 2011 இல் தூத்துக்குடித் துறைமுகத்திற்கு இவரது பெயர் சூட்டப்பட்டது.

கம்பனி தோற்றது. ஆயினும், சாதாரண மக்களும் பங்குதாரராகி அந்நிய வணிகத்தை எதிர்க்கலாம் என்பதை இவரது முயற்சி காட்டியது.

பயிற்சி வினாக்கள்

1. சுதேசிக் கப்பற் கம்பனி எப்போது பதிவுசெய்யப்பட்டது?
2. அதன் வீழ்ச்சிக்கான காரணங்கள் இரண்டு தருக.
3. சிதம்பரம்பிள்ளையின் அரசியலும் வணிகமும் ஒன்றோடொன்று தொடர்புபட்டிருந்த விதத்தை விளக்குக.