ஸர் ஆர்னால்டு தைலர்

மலர்க்கும் பறவைக்கும் அறிஞர்தம் பெயரைச் சூட்டி அவரைச் சிறப்பித்தல் உயிர்நூலார் வழக்கம். மாடுகளைக் கொன்று குவிக்கும் கொடிய நுண்ணுயிர் ஒன்றிற்கே தம் பெயர் நிலைத்துவிட்ட பேரறிஞர் ஒருவரும் உளர். நம் நாட்டிற் கலப்பினப் பசு வளர்ப்போர் தைலேரியா என்னும் நோய்ப்பெயரை நன்கறிவர். அஃது ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்ததென்பதை அறிந்தோர் சிலரே. அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஆர்னால்டு தைலர் 1867-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 26-ஆம் தேதி ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் பிரிக் என்னும் சிற்றூரிற் பிறந்தார். கால்நடை வைத்தியம் பயின்று 1889-ல் தேறினார். 1891-ல் தென்னாப்பிரிக்காவிலுள்ள டிரான்ஸ்வால் நாட்டிற்குச் சென்று, பிரிட்டோரியா நகருக்கு அண்மையில் ஒரு பண்ணையில் வேலைக்கமர்ந்தார். அங்கே தட்டை வெட்டும் இயந்திரத்திற் சிக்கி ஒரு கையை இழந்தார். மாட்டு வைத்தியனுக்குக் கையே மூலதனம். இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத அந்நியர், கற்ற தொழிலை விட்டுத் தாய்நாடு திரும்பியிருப்பின் அவரை யாரும் குறை கூறியிரார். அவரோ எஞ்சிய ஒரு கையைக்கொண்டே அறுவையும் பரிசோதனையும் செய்யப் பழகிக்கொண்டார். 1893-ல் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையே பெரியம்மை பரவியபோது அம்மைப்பால் தயாரித்துக் கொடுத்து அரசாங்கத்தின் கவனத்தைப் பெற்றார்.

1896-ல் வெக்கை நோய் ஸாம்பேஸி ஆற்றைக் கடந்து தெற்கே இறங்கிற்று. சில மாதங்களுக்குள் வண்டி இழுக்கவும் ஏர் பூட்டவும் எருதில்லாமற்போயிற்று. அரசாங்கக் கால்நடை வைத்தியராய் நியமனம் பெற்ற தைலர், நேட்டாலைச் சேர்ந்த வாட்கின்ஸ்-பிட்ச்போர்டு என்பாருடன் கூடி, நோயினின்று பிழைத்த மாட்டின் குருதித் தெளிநீரைக் கொண்டு மற்றவற்றைக் காக்கும் முறையை வகுத்தார். அதே காலத்திற் கிம்பர்லியில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் பித்தநீரைக்கொண்டு வேறொரு முறையைக் கையாண்டுகொண்டிருந்தார். இவ்விருவரும் பின்னரும் ஒரே புதிரின்முன் நிற்க நேர்ந்தது.

போயர் யுத்தத்திற் போயர் படைக்குக் கால்நடை வைத்தியராய் உழைத்தவரையே, வென்ற ஆங்கிலேய அரசாங்கமும் வேலையில் வைத்துக்கொண்டது. அதற்குக் காரணமும் இருந்தது. வெக்கையாலும் போராலும் வெறுமையான மேய்ச்சல் நிலங்களை நிரப்பும்பொருட்டுக் கிழக்காப்பிரிக்கக் கரையினின்று கப்பல் வழியே மாடுகள் கொணரப்பட்டன. வந்த மாடுகள் நலமாகவே இருந்தன. ஆயின் அவை மேய்ந்த புல்வெளியில் மேய்ந்த உள்நாட்டு மாடுகளோ நெறி கட்டி, கடுங்காய்ச்சலுற்று, மூச்சுத் திணறி மடியலாயின.

இதனை உண்ணியால் வரும் செந்நீர்க் காய்ச்சலென்றே பலரும் கருதினர். அந்நோய் அந்நாட்டிற்குப் பழையது. அங்குள்ள மாடுகளுக்கு அதை எதிர்க்கும் ஆற்றலும் உண்டு. அங்ஙனமாயின் அவை இறப்பானேன்? 1903-ல் ரொடீஷியாவிற்கு அழைக்கப்பட்ட காக், நோயுண்ட மாட்டின் இரத்தத்தைப் பலமுறை சிறிது சிறிதாக ஏற்றினாற் காப்பு உண்டாகுமென்று ஒரு முறையைப் பரிந்துரைத்தார். அது பலிக்கவில்லை. தைலர் பொறுமையுடன் சோதித்து, இந்நோயாளியின் இரத்தத்தை நல்ல மாட்டிற்கு ஏற்றினாலும் நோய் தொற்றுவதில்லை எனக் கண்டார். செந்நீர்க் காய்ச்சலோ அவ்வாறு எளிதிற் தொற்றுவது. ஆகவே இது வேறு நோய். இதன் கிருமியும் வேறு. 1904-ல் அவர் விவரித்த அச்சிறு கிருமியின் இனத்திற்கே 1907-ல் தைலேரியா எனப் பெயரிடப்பட்டது. நோய்க்கு வழங்கிய பெயர் கிழக்குக் கரைக் காய்ச்சல்.

அக்கிருமியின் தந்திரம் வியக்கத்தக்கது. உடலைக் காக்கும் வீரர்களாகிய வெள்ளணுக்களுக்குள்ளேயே அது குடிபுகுகிறது. புகுந்து, அவ்வணுக்களைப் புற்றுநோயணுக்களைப்போல் ஓயாது பெருகச் செய்து, அவை பிளக்குந்தோறும் தானும் பிளந்து பெருகுகிறது. காவலனே கள்வனுக்கு வீடாகிவிட்டால் ஊர் என்னாகும்?

1908-ல் பிரிட்டோரியாவிற்கு வடக்கே ஆன்டர்ஸ்டிபூர்ட் என்னுமிடத்தில் எழுந்த ஆராய்ச்சிச்சாலைக்குத் தைலர் தலைவரானார். அவ்விடத்தில் அவர் செய்த பணிகள் பல. 1910-ல் அனாபிளாஸ்மா என்னும் மற்றொரு கிருமியைக் கண்டார். அதனைச் சார்ந்த சாதுவான வகையொன்றையே தடுப்பு மருந்தாக்கினார். அம்மருந்து இன்றளவும் பல நாடுகளில் வழங்குகிறது. மண்ணிலும் புல்லிலும் பாஸ்பரஸ் குறைவதால் மாடுகள் எலும்பைத் தின்று நஞ்சேறி முடமாகி மடிவதையும் அவர் கூட்டத்தார் விளக்கினர். அவையெல்லாம் தனித்தனியே எழுதத் தக்கவை. நம் பொருள் கிழக்குக் கரைக் காய்ச்சலேயாதலின் அதற்குத் திரும்புவோம்.

இரத்தத்தால் தொற்றாத நோய்க்கு எவ்வாறு தடுப்பூசி போடுவது? நோயால் இறந்த மாட்டின் மண்ணீரலையும் வீங்கிய நெறிக்கட்டிகளையும் அரைத்து, அச்சாற்றைக் குருதிக்குழாயிற் செலுத்தும் முறையைத் தைலர் வகுத்தார். டிரான்ஸ்கைப் பகுதியில் அது பெருமளவிற் கையாளப்பட்டது. ஊசியாலேயே பல மாடுகள் மடிந்தன. பிழைத்தவற்றுட் பெரும்பாலன காப்புப் பெற்றன. அங்குள்ள குடியானவனுக்கு மாடு என்பது ஏர், பால், மகனுக்குக் கொள்ளும் மணப்பெண்ணின் பரிசம் எல்லாமாம். தன் மந்தையில் எது விழும், எது நிற்கும் என்று அறியாமலே அவன் அவற்றை ஊசிக்கு ஓட்டிவர வேண்டியிருந்தது. பின்னர் ஊசி கைவிடப்பட்டு, உண்ணியைக் கொல்லும் மருந்துத் தொட்டியில் மாடுகளை நாள் தவறாது முக்குதல், வேலியிடுதல், நடமாட்டத்தைத் தடுத்தல் என்னும் முறைகளே நிலைத்தன. தம்மைக் கேளாமல் விதிக்கப்பட்ட இவற்றை மக்கள் வெறுத்தனர். 1914-ல் சில இடங்களில் தொட்டிகளை உடைக்கவும் செய்தனர். எனினும் 1950-களின் நடுவில் தென்னாப்பிரிக்காவினின்று அந்நோய் ஒழிந்தது இம்முறைகளாலேயே.

ஊசி போட்ட மந்தையில் ஒன்று ஏன் விழுந்தது, மற்றொன்று ஏன் நின்றது? கரையினின்று வந்த மாடுகள் எங்ஙனம் நலமாயிருந்தன? கன்றாயிருக்கையில் நோயுற்றுத் தேறியமையால் என்பது ஒரு விடை. அதனைத் தைலர் காலத்தாரே அறிந்திருந்தனர். மற்றொரு விடை மாட்டின் குலவழியிற் கிடந்தது. ஜீன் என்னும் சொல்லே 1909-ல் பிறந்ததாகையால், அவ்விடையைத் தேடுதற்குரிய கருவி அவர் கையில் இல்லை.

இன்று நாமறிவது இது. கிருமி குடிபுகுந்த வெள்ளணு, அக்கிருமியின் துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது. கொல்லணுக்கள் அதனைக் கண்டு அவ்வீட்டையே அழிக்கின்றன. ஏந்திக் காட்டும் அத்தட்டுகளை வகுக்கும் ஜீன்கள் மாட்டுக்கு மாடு பெரிதும் வேறுபடுவன. ஆதலால் ஒரு மாடு காணும் துணுக்கை மற்றொன்று காண்பதில்லை; ஒரு வகைக் கிருமிக்குக் காப்புப் பெற்ற மாடு மற்றொரு வகைக்கு இரையாவதும் உண்டு. இதன் உறவுக் கிருமியால் நம் நாட்டில் வரும் தைலேரியா நோயிலும் இத்தகைய வேற்றுமை உண்டு. அந்நோய்க்குச் சீமை ஹோல்ஸ்டீன் கன்றுகள் அழற்சி மிகுந்து வாட, பஞ்சாபின் சாகிவால் கன்றுகள் லேசாக நோயுற்றுத் தேறுவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. தன் காவற்படை வரம்பு மீறி எழுவதே ஹோல்ஸ்டீனுக்குக் கேடாகிறது போலும்.

2022-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இன்னும் நுணுக்கமானது. கிழக்காப்பிரிக்கப் போரான் மாடுகளிற் கிழக்குக் கரைக் காய்ச்சலைத் தாங்கும் ஆற்றல் பரம்பரையாய் வருவதைக் கண்டோர், 15-ஆம் குரோமோசோமில் ஒரு ஜீனில் உள்ள ஒற்றை எழுத்து மாற்றத்தோடு அது நெருங்கிய தொடர்புடையதெனக் கண்டனர். தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் அம்மாற்றத்தைப் பெற்ற 20 மாடுகளில் இறந்தது ஒன்றே. இருவழியிலும் பெறாத 97 மாடுகளில் 44 இறந்தன. மண்ணீரற் சாற்றை ஊசியிலேற்றித் தைலர் டிரான்ஸ்கை மந்தைகளில் அறியாது கண்ட வேற்றுமையில் இத்தகைய ஜீன்களுக்கும் பங்கு இருந்திருத்தல் கூடும்.

தைலர் 1914-ல் ஸர் பட்டம் பெற்றார்; 1927-ல் ஓய்வு பெற்றார்; 1936-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் தேதி லண்டன் நகரில் உயிர் நீத்தார். அவர் குமாரர் மாக்ஸ் தைலர் மஞ்சட் காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்து கண்டு 1951-ல் நோபல் பரிசு பெற்றார். குமாரி கெர்ட்ரூட் தைலர் தந்தையின் பழம்பகையாகிய உண்ணிகளை ஆராய்வதில் ஈடுபட்டார். தென்னாப்பிரிக்காவில் ஒழிந்த அக்காய்ச்சல் கிழக்காப்பிரிக்காவில் ஆண்டுதோறும் பத்து லக்ஷத்துக்கு மேற்பட்ட மாடுகளை இன்னும் கொண்டுபோகிறது. அவ்வொற்றை எழுத்தைத் தாங்கிய காளைகளைத் தேர்ந்து இனம் பெருக்கும் வழி அங்கே இப்பொழுதுதான் திறந்திருக்கிறது.