புழு காட்டிய வழி

ஆற்றைக் கடக்கப் பாலம் கட்டலாம். ஆனால், அந்த ஆற்றில் ஓயாமல் பாய்மரக் கப்பல்கள் போய்வந்தால்? பாய்மரம் பாலத்தில் இடிக்குமே, குட்டீஸ்!

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன், லண்டனில் தேம்ஸ் நதியில் இதுதான் சிக்கல். நதிக்கு அடியில் சுரங்கம் தோண்டிப் பார்த்தார்கள். தண்ணீரும் மணலும் உள்ளே புகுந்ததால், 1808-ல் பாதியிலேயே கைவிட்டார்கள்.

இதற்கு வழி கண்டவர் மார்க் புரூனல். 1769-ல் பிரான்சில் பிறந்தவர். அங்கே புரட்சி நடந்தபோது அமெரிக்காவுக்குத் தப்பிப் போய், பிறகு இங்கிலாந்தில் குடியேறினார்.

வழி எங்கே கிடைத்தது தெரியுமா? ஒரு புழுவிடம்! கப்பல் மரத்தை அது துளைப்பதைக் கவனித்தார் என்று சொல்வார்கள். 'கப்பல் புழு' என்று பெயர். உண்மையில் அது சிப்பி இனம். தலையில் உள்ள ஓடுகளால் மரத்தைச் சுரண்டி முன்னேறும். பின்னால் துளையின் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு பூசிக்கொள்ளும்.

மண்ணுக்குள் மனிதரும் அப்படிப் போனால் என்ன? 1818-ல் இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார் புரூனல். ஆனால், 1821-ல் கடனைத் திருப்பித் தர முடியாமல் சிறைக்கே போனார், பாவம்!

1825-ல் வேலை தொடங்கியது. முதலில் தரைமேல் வட்டமாகச் செங்கல் சுவர் எழுப்பினார். அடியில் மண்ணை வெட்ட வெட்ட, அது தன் பாரத்தாலேயே கீழே இறங்கியது. நம் ஊரில் உறைகிணறு இறக்குவார்களே, அதே வித்தைதான்!

அப்புறம் இரும்புக் கவசம். அதில் மூன்று அடுக்காக 36 அறைகள். அறைக்கு ஒரு தொழிலாளி. எதிரே மண் சரியாமல் பலகைகள் தாங்கி நிற்கும். அவர் ஒரு பலகையை மட்டும் எடுப்பார். நாலரை அங்குலம் தோண்டுவார். பலகையை மறுபடி வைத்து முட்டுக்கொடுத்த பிறகே அடுத்ததைத் தொடுவார். எல்லாம் முடிந்ததும் கவசத்தை முன்னே தள்ளுவார்கள். பின்னாலேயே கொத்தனார்கள் செங்கல் சுவர் கட்டுவார்கள்.

அப்படியும் நதி சும்மா விடவில்லை. 1827-ல் வெள்ளம் புகுந்தது. 1828-ல் மறுபடி புகுந்து ஆறு பேரைப் பலிவாங்கியது. அங்கே வேலை பார்த்த புரூனலின் மகன் இசம்பார்டு மயிரிழையில் தப்பினார். பணமும் தீர்ந்தது. ஏழு ஆண்டுகள் சுரங்கம் மூடியே கிடந்தது. அரசு கடன் கொடுத்த பிறகுதான் மீண்டும் வேலை நடந்தது.

1843 மார்ச் 25-ல் சுரங்கம் திறந்தபோது புரூனலுக்கு வயது 73. நீளம் 400 மீட்டர்கூட இல்லை. அதற்கு 18 ஆண்டுகள்! வண்டிகள் இறங்கச் சரிவுப்பாதை அமைக்கப் பணமில்லை. அதனால் மக்கள் நடந்துதான் போனார்கள். முதல் நாளே சுமார் 50 ஆயிரம் பேர்!

1849-ல் புரூனல் மறைந்தார். 1869-ல் அந்தச் சுரங்கத்தில் ரயில் விட்டார்கள். இன்றும் ஓடுகிறது.