வலியோடு வாழ்ந்த அன்னக்குட்டி



நாரி நோவாலோ மூட்டுவாதத்தாலோ வருடக்கணக்காக வருந்தும் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். ஒருவேளை அவர் நீங்களேயாகவும் இருக்கலாம். சிலாபம் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காத்திருந்து, மருந்தும் கையுமாக வீடு திரும்புகையில், இனி என்னால் யாருக்கு என்ன பயன் என்று மனம் சோர்ந்ததுண்டா? அப்படியானால் புனித அல்போன்சாவின் கதையைக் கேளுங்கள்.

கேரளத்தில் கோட்டயத்துக்கு அருகிலுள்ள குடமாளூரில் 1910 ஆகஸ்ட் 19ஆம் திகதி அவர் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் அன்னா; நமது தலவிலத் திருத்தலத்தின் பாதுகாவலியான அன்னம்மாளின் பெயரே அது. வீட்டார் அன்னக்குட்டி என்று அழைத்தனர். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்த அவரைத் தாயின் சகோதரி வளர்த்தார்.

பதின்மூன்று வயதில் கலியாணப் பேச்சு எழுந்தது. துறவியாக விரும்பிய சிறுமி, தன் உடல் சிறிது விகாரமானால் யாரும் தன்னைக் கேட்டு வரமாட்டார்கள் என்றெண்ணி, உமி எரிந்த குழியில் கால் வைத்தார். நினைத்ததற்கு மேலாகக் கால்கள் வெந்து போயின. இது ஒரு பிள்ளையின் பேதைமை. எவரும் பின்பற்றத் தக்கதன்று. அவரைப் புனிதராக்கியது தாமே தேடிக்கொண்ட அந்த வேதனையன்று. தேடாமலே வந்த நோய்களை அவர் தாங்கிய விதமே.

1927இல் பரணங்கானம் கிளாரா மடத்தில் சேர்ந்தார். 1930 முதல் நோய்கள் தொடர்ந்தன. 1932இல் வாகக்காட்டுப் பாடசாலையில் ஒரு வருடமே படிப்பிக்க முடிந்தது. பின்பு உதவி ஆசிரியையாகவும் மறைக்கல்வி புகட்டுபவராகவும் இருந்தார். அவருடைய கையெழுத்து அழகானது. ஆகவே மடத்தின் கடிதங்களை எழுதும் பணி அவரிடம் வந்தது. கவனித்தீர்களா? உடல் தளரத் தளர வேலை மாறியது. ஆனால் அவர் வேலையற்றவராகவில்லை.

1935இல் நவசந்நியாசத்தில் மூக்கிலும் கண்ணிலும் இரத்தம் கசிந்தது. கால்களில் புண்கள் சீழ் பிடித்தன. தேறி எழுந்து, 1936 ஆகஸ்ட் 12இல் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தார். 1939இல் நிமோனியா. 1940 அக்டோபரில் நள்ளிரவில் அறைக்குள் திருடன் புகுந்த அதிர்ச்சியில் நினைவையே இழந்தார். அடுத்த வருடம் அவஸ்தைப்பூசுதல் பெற்ற மறுநாள் நினைவு திரும்பியது. 1945இல் வயிற்றிலும் ஈரலிலும் நோய் கண்டு, வலிப்பும் வாந்தியுமாக வருந்தினார். 1946 ஜூலை 28இல், 35ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1986இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2008 அக்டோபர் 12இல் புனிதராகவும் திருச்சபை அவரை உயர்த்தியது.

வாசகரே, மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியைத் தனியொரு நோயாகவே கவனிக்கவேண்டும் என்கின்றனர் இன்றைய வைத்தியர்கள். புண் வெளியே தெரியாததால் வலி பொய்யாகிவிடாது. எனவே செபமாலை சொல்லுங்கள். கிளினிக் நாளையும் தவறவிடாதீர்கள். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். முடிந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டு, மறுநாள் படுக்கையில் விழாதீர்கள். சிறிது வேலை, சிறிது ஓய்வு என்று பழகுங்கள்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. நோயாளியை ஒரு மூலையில் இருத்திவிடாதீர்கள். அரிசியில் கல் பொறுக்கவோ, பேரப்பிள்ளைக்குச் செபம் சொல்லிக்கொடுக்கவோ அவரால் முடியுமானால், அந்தப் பணியை அவருக்கே விடுங்கள். அன்னக்குட்டியின் கையில் மடத்தார் கொடுத்த பேனாவை நினைத்துக்கொள்ளுங்கள்.